எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு வீட்டு ரிப்பேர் ஸ்டாண்ட்: எடை வரம்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் வாங்குபவர்கள் முதலில் தேடுவது பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடை வரம்பை. அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 36 கிலோ தாங்கும் என்று போட்ட ஸ்டாண்டில் 24 கிலோ சைக்கிளை மாட்டிவிட்டுக் கையை எடுத்ததும், முன்சக்கரம் மெல்லத் தரையை நோக்கி இறங்குவது உண்டு. ஸ்டாண்ட் உடைந்திருக்காது, கால் வளைந்திருக்காது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தலை மட்டும் சுழன்றிருக்கும். எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். அந்த எடை சைக்கிளில் எங்கே இருக்கிறது, வேலையின் நடுவில் எதைக் கழற்றினால் எந்தப் பக்கம் மாறுகிறது என்பது மீதிப் பாதி. வீட்டில் வைத்துக்கொள்ளும் மடக்கு ஸ்டாண்டுகளை இங்கே அந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

முதலில் எடை. சாதாரண கியர் சைக்கிள் 10 முதல் 15 கிலோவுக்குள் இருக்கும். எலெக்ட்ரிக் சைக்கிள் பெரும்பாலும் 20 முதல் 28 கிலோ. அகலமான ஃபேட் டயர் போட்டவை 30 கிலோவைத் தாண்டும், சுமை ஏற்றும் கார்கோ வகைகள் அதற்கும் மேல். இதில் பேட்டரி மட்டும் இரண்டரை முதல் நாலரை கிலோ. பெடல் அச்சில் பொருத்திய மிட் டிரைவ் மோட்டார் மூன்று கிலோ சுற்றளவில் வரும். சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாரில் கியர் வகை இரண்டு முதல் நான்கு கிலோ, கியர் இல்லாத டைரக்ட் டிரைவ் வகை ஐந்து முதல் ஏழு கிலோ.

இப்போது இடம். ஸ்டாண்ட் சைக்கிளைப் பிடிப்பது சீட் போஸ்ட்டில். சைக்கிளின் எடை மையமோ அதற்கு முன்னால் கீழே இருக்கிறது. மிட் டிரைவ் மோட்டாரும், ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாயில் பேட்டரியும் உள்ள 24 கிலோ சைக்கிளில் எடை மையம் கிளாம்புக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் தலையைச் சுழற்றப் பார்க்கும் முறுக்கு விசை சுமார் 70 நியூட்டன் மீட்டர். பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டின் பூட்டு வளையத்தை (லாக்ரிங்) நீளக் கைப்பிடி ஸ்பேனர் போட்டு இறுக்குவதே 40 நியூட்டன் மீட்டர்தான். அதைவிட அதிகமான விசையை, வேலை முடியும்வரை, ஒரு சிறிய திருகு கைப்பிடி தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் சாதாரண சைக்கிளுக்கு நன்றாக உழைத்த ஸ்டாண்ட் இங்கே தடுமாறுகிறது.

ஆக, ஸ்டாண்டில் முதலில் சோதிக்க வேண்டியது கிளாம்ப் தலையின் சுழற்சிப் பூட்டு. இரண்டு வகை கிடைக்கும். ஒன்று உராய்வால் பிடிப்பது: எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம், ஆனால் பிடிக்கும் பரப்பில் எண்ணெய் பட்டாலோ திருகு கொஞ்சம் தளர்ந்தாலோ நழுவும். மற்றது பற்களால் பிடிப்பது: கோணத்தைப் படிப்படியாகத்தான் மாற்ற முடியும், பற்கள் முழுக்கப் பதிந்தபின் நழுவாது. எலெக்ட்ரிக் சைக்கிளுக்குப் பல் வகைதான் நிம்மதி. உராய்வு வகைதான் கையில் இருக்கிறது என்றால் கைப்பிடி பெரியதாக, உலோகத்தில் இருக்கட்டும். விரல் நுனியால் திருகும் சின்ன பிளாஸ்டிக் குமிழில் 70 நியூட்டன் மீட்டரைத் தடுக்கும் அளவுக்கு இறுக்கவே முடியாது.

பூட்டு எப்படிப்பட்டதாக இருந்தாலும் அதன் பாரத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. சைக்கிளை மாட்டியதும் சுழற்சிப் பூட்டைத் தளர்த்தி, ஹேண்டில்பாரைக் கையில் பிடித்தபடி முன்பக்கத்தை மெதுவாக இறங்கவிடுங்கள். எடை மையம் கிளாம்புக்கு நேர் கீழே வந்ததும் சைக்கிள் தானே நின்றுவிடும். முன்சக்கரம் கணிசமாகத் தாழ்ந்த நிலை அது. அங்கே பூட்டினால் பூட்டின்மேல் சுமையே இல்லை. செயின் சுத்தம் செய்வது, கியர் சரிபார்ப்பது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாவற்றுக்கும் இந்தச் சாய்வு போதும். ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று எடுப்பது போல லீவர் குறிப்பிட்ட மட்டத்தில் நிற்க வேண்டிய வேலைகளுக்குத்தான் சைக்கிளை நேராக நிறுத்திப் பூட்டை நம்ப வேண்டியிருக்கும்.

பலரும் கவனிக்காமல் விடுவது சமநிலை மாறும் தருணத்தை. பின்சக்கரத்தில் ஹப் மோட்டார் உள்ள சைக்கிள் ஸ்டாண்டில் ஏறியதும் அழகாக நிற்கும், ஏனென்றால் பின்னால் இருக்கும் மோட்டார் முன்பக்க எடையை ஈடுகட்டுகிறது. அந்தச் சக்கரத்தைக் கழற்றிய நொடியில் மோட்டார், ரிம், டயர், கேசட் எல்லாம் சேர்ந்து ஆறேழு கிலோ பின்னாலிருந்து போய்விடும், முன்பக்கம் படாரென்று இறங்கும். இரண்டு கையிலும் கனமான சக்கரத்தைப் பிடித்திருப்பவர் அப்போது எதையும் தடுக்க முடியாது. முன்சக்கரத்தில் ஹப் மோட்டார் இருந்தால் இன்னும் மோசம். முன் அச்சு கிளாம்பிலிருந்து ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே ஐந்து கிலோ குறைந்தால் 40 நியூட்டன் மீட்டருக்கு மேல் மாறும், பின்பக்கம் தாழும். கேரியரில் பேட்டரி வைத்த சைக்கிள்களில் பேட்டரியைக் கழற்றினாலே சமநிலை தலைகீழாகும்.

எனவே சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரு நாடாவால் சைக்கிளை ஸ்டாண்டின் நடுக்கம்பத்தோடு கட்டிவிடுங்கள். பக்கிள் வைத்த இரண்டு மீட்டர் நாடா போதும். ஃபிரேமின் முன்பக்கக் குழாயைச் சுற்றி எடுத்துக் கம்பத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். இன்னொரு சிறு நாடா முன்சக்கரத்தை ஃபிரேமோடு பிணைக்கட்டும், இல்லாவிட்டால் ஹேண்டில்பார் திரும்பி எடை மீண்டும் இடம் மாறும். பேட்டரியை எப்போதும் ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு முன்பே கழற்றுங்கள். தூக்க வேண்டிய எடை மூன்று நான்கு கிலோ குறைவதோடு, நடுவில் கழற்றி சமநிலையைக் குலைக்கும் வேலையும் இராது.

அடுத்தது, கிளாம்ப் எதைப் பிடிக்கிறது. சீட் போஸ்ட்டைத் தவிர வேறெங்கும் பிடிக்கக் கூடாது. எலெக்ட்ரிக் சைக்கிளின் ஃபிரேம் குழாய்கள் பெரியதாகத் தெரிந்தாலும் சுவர் மெல்லியது, உள்ளே வயர்கள் ஓடுகின்றன. கிளாம்பின் தாடைகள் அங்கே அழுத்தினால் குழாய் நசுங்கும். சீட் போஸ்ட்டில் பிடித்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது: கிளாம்ப் பிடித்திருப்பது போஸ்ட்டை மட்டுமே, மற்ற இருபது கிலோவும், ஃபிரேமில் போஸ்ட்டை இறுக்கும் வளையமான சீட் காலரின் பிடியில் தொங்குகிறது. காலர் தளர்ந்திருந்தால் போஸ்ட் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டு ஃபிரேம் மட்டும் கீழே விழும். சைக்கிளில் உட்காரும்போது எடை போஸ்ட்டைக் கீழே அழுத்துகிறது, ஸ்டாண்டில் அது எதிர்த்திசையில் இழுக்கிறது. ஓட்டும்போது இறங்காத காலர் ஸ்டாண்டிலும் பிடித்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றுவதற்கு முன் காலரை அதில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்கி, போஸ்ட்டில் காலர் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். டேப்புக்கும் காலருக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் போஸ்ட் நழுவுகிறது என்று அர்த்தம்.

கிளாம்புக்கு இடம் வேண்டும் என்று போஸ்ட்டை உயர்த்தும்போது அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோட்டைத் தாண்டாதீர்கள். போஸ்ட்டில் கிரீஸோ தூசியோ இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பின்விளக்கின் வயர், குழந்தை இருக்கையின் பிராக்கெட், பூட்டுத் தாங்கி இவை தாடைக்குள் சிக்காமல் பார்க்க வேண்டும்.

போஸ்ட்டின் வகையும் முக்கியம். பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் டிராப்பர் போஸ்ட்டின் பளபளப்பான மேல்குழாயைக் கிளாம்பில் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தாலே உள்ளிருக்கும் சீல் தேய்ந்து போஸ்ட் கசிய ஆரம்பிக்கும். கேபிளில் தளர்வு இருந்தால் போஸ்ட்டின் வெளிக்குழாயை ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே இழுத்து அதைப் பிடிக்கலாம். ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் போஸ்ட்டிலும் அசையாத கீழ்க்குழாயைத்தான் பிடிக்க வேண்டும். கார்பன் போஸ்ட்டாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அதே விட்டத்தில் ஒரு சாதாரண அலுமினிய போஸ்ட்டைச் செருகிக்கொள்வதுதான் பாதுகாப்பு. 27.2, 30.9, 31.6, 34.9 மில்லிமீட்டர் அளவுகள் பரவலாகப் புழங்குகின்றன. உங்கள் போஸ்ட்டின் அடியில் அளவு பொறித்திருக்கும். வேலைக்கென்று ஒரு போஸ்ட் தனியாக இருந்தால் டிராப்பர் சிக்கலும் சேர்ந்து தீரும்.

தூக்குவது பற்றிச் சொல்லாமல் ஸ்டாண்டை மதிப்பிட முடியாது. இருபது கிலோவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மற்ற கையால் கிளாம்பை மூடுவது தனி ஆளுக்கு ஆபத்தான வேலை. முதுகு பிடித்துக்கொள்வதும் சைக்கிள் கைநழுவுவதும் இங்கேதான் நடக்கின்றன. ஸ்டாண்ட் எவ்வளவு உயரம் போகும் என்று விளம்பரங்கள் சொல்லும். நீங்கள் தேட வேண்டியது அது எவ்வளவு தாழும் என்பதை. தரையில் நிற்கும் சைக்கிளில் பிடிக்கக்கூடிய போஸ்ட் பகுதி 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கிளாம்ப் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தால் பத்து இருபது சென்டிமீட்டர் தூக்கினால் முடிந்தது. அந்த இடைவெளியையும் குறைக்கலாம்: கனமான மரப்பலகைகளை அடுக்கி முதலில் ஒரு சக்கரத்தையும் பிறகு மற்றதையும் அதன்மேல் ஏற்றினால், ஒவ்வொரு முறையும் பாதி எடையைத்தான் தூக்குகிறீர்கள்.

தாழ்த்தி மாட்டிய பிறகு உயர்த்துவது தனிப் பிரச்சினை. பெரும்பாலான மடக்கு ஸ்டாண்டுகளில் நடுக்கம்பத்தின் காலரைத் தளர்த்தி, சைக்கிளோடு சேர்த்துக் கம்பத்தை இழுக்க வேண்டும். காலரைத் திறந்ததும் முழு எடையும் உங்கள் கையில்தான். இன்னொருவர் துணைக்கு இருந்தால் மட்டும் செய்யுங்கள். தனியாக என்றால் தாழ்ந்த நிலையிலேயே விட்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேலை பாருங்கள். எலெக்ட்ரிக் சைக்கிளில் அடிக்கடி தேவைப்படும் வேலைகள் எல்லாம் பெடல் மட்டத்திலும் பின் அச்சிலும்தான் இருக்கின்றன, உட்கார்ந்து செய்வதே வசதி. காஸ் ஸ்பிரிங் அல்லது கைக்கிராங்க் வைத்து உயர்த்தும் ஸ்டாண்டுகளும் உண்டு. சைக்கிள் 28 கிலோவுக்கு மேல் என்றாலோ முதுகு வலி இருப்பவர் என்றாலோ அந்தக் கூடுதல் செலவு நியாயமானது. காஸ் ஸ்பிரிங் வகையில் ஒரு எச்சரிக்கை: அது கனமான சைக்கிளுக்காக அளந்தது. சைக்கிள் இல்லாத வெறும் கம்பத்தின் பூட்டைத் திறந்தால் வேகமாக மேலே பாயும், முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள்.

கால்களைப் பொறுத்தவரை இரண்டு அமைப்புகள். பார்க் டூல் நிறுவனத்தின் பிசிஎஸ் 10.3 போன்றவை இரண்டு கால் வகை, ஃபீட்பேக் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ப்ரோ எலீட் போன்றவை மூன்று கால் வகை. முன்னதற்கு நிறுவனம் சொல்லும் வரம்பு 36 கிலோ, பின்னதற்கு 38.5 கிலோ. இரண்டிலும் விதி ஒன்றுதான்: சைக்கிளின் எடை கால்கள் விரிந்திருக்கும் பரப்புக்குள் விழ வேண்டும். கிளாம்ப் கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் கால்கள் இருக்கட்டும். மூன்று கால் வகையில் ஒற்றைக் கால் எதிர்ப்பக்கம் போக, மற்ற இரண்டும் சைக்கிளின் அடியில் வர வேண்டும். இதை மாற்றி வைத்து, கை இரண்டு கால்களுக்கு வெளியே நீண்டிருந்தால் 12 கிலோ சைக்கிளுக்குத் தாக்குப்பிடித்த ஸ்டாண்ட் 25 கிலோவுக்குக் குப்புறக் கவிழும். மேடுபள்ளமான தரையில் மூன்று கால் வகை ஆடாமல் நிற்கிறது. சமமான தரையில் இரண்டு கால் இரும்பு ஸ்டாண்டின் கனம் உதவுகிறது.

கிளாம்ப் கையின் நீளத்தையும் அளந்து பாருங்கள். கம்பத்திலிருந்து தாடைவரை 25 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பெடல் சுற்றும்போது கம்பத்தில் இடிக்கலாம். மிட் டிரைவ் மோட்டார் அகலமானது என்பதால் பெடல்கள் இன்னும் வெளியே தள்ளி நிற்கின்றன.

எடை வரம்பில் எவ்வளவு மிச்சம் விட வேண்டும்? சைக்கிளின் எடையைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் ஸ்டாண்டை எடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. 24 கிலோவுக்கு 36. நிறுவனம் சொல்லும் வரம்பு அசையாமல் தொங்கும் எடைக்கானது. நீங்கள் ஸ்பேனரை அழுத்துவதும் பெடலை இழுப்பதும் அதன்மேல் சேர்கின்றன. கார்கோ சைக்கிளைக் கிளாம்ப் ஸ்டாண்டில் ஏற்றவே வேண்டாம். அதற்கு அதன் சொந்த இரட்டைக் கால் ஸ்டாண்டும், பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தும் தரை ஸ்டாண்டும் போதும்.

அந்தத் தரை ஸ்டாண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பின் அச்சுக்கு அருகே ஃபிரேமைக் கொக்கியில் பிடித்து, பின்சக்கரத்தைச் சில சென்டிமீட்டர் உயர்த்துவது. தூக்குவது குறைவு, விழும் பயம் இல்லை. கியர் சரிசெய்ய, செயினுக்கு எண்ணெய் விட, மோட்டாரைச் சோதிக்க இதுவே போதும். ஹப் மோட்டாரின் நீண்ட ஆக்ஸில் நட்டும் வயரும் கொக்கியில் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பெடல் அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தூக்கும் வகை மிட் டிரைவ் சைக்கிளுக்கு ஆகாது, முட்டு மோட்டாரின் உறையின்மேல் அழுத்தும். முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைப் பூட்டும் பந்தய ஸ்டாண்டுக்கும் இதே குறை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவது இலவசம்தான். ஆனால் டிஸ்பிளே நசுங்கும், ஹைட்ராலிக் பிரேக்கில் லீவர் பக்கம் இருந்த காற்றுக் குமிழ், சக்கரத்தருகே பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்குப் போய்ச் சேரும், பிறகு பிரேக் மெத்தென்று இறங்கும்.

ஸ்டாண்டில் ஏறியபின் மின்சாரம் பற்றிய கவனம் வேண்டும். பேட்டரியைக் கழற்றியதும் பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள், மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் கன்ட்ரோலரில் மிஞ்சிய மின்னேற்றம் வடியும். பேட்டரி உட்காரும் இடத்தின் முனைகளில் தண்ணீரோ எண்ணெயோ படாமல் ஒரு பிளாஸ்டிக் துண்டால் மூடுங்கள். பேட்டரியோடு பெடலைக் கையால் சுற்றிப் பார்க்கவே கூடாது. காலால் மிதிப்பதாக நினைத்து மோட்டார் உதவிக்கு வரும், காற்றில் இருக்கும் சக்கரம் நொடியில் முழு வேகம் எடுக்கும், செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே விரல் இருந்தால் தப்பாது. கியர் சரிசெய்வது முழுக்கப் பேட்டரி இல்லாமல்தான்.

மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனைகளுக்கு மட்டும் பேட்டரியை மாட்டுங்கள். ஆன் செய்யும் நேரத்தில் பெடலின்மேல் எதுவும் அழுத்தக் கூடாது, பெடலின் அழுத்தத்தை அளக்கும் முறுக்கு சென்சார் அந்த நேரத்து அழுத்தத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். திராட்டில் உள்ள சைக்கிளில் சக்கரத்தை மெதுவாக ஓடவிட்டுப் பிரேக் லீவரைச் சற்று இழுங்கள், உடனே மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் லீவரில் உள்ள கட் ஆஃப் சுவிட்ச் வேலை செய்யவில்லை.

சக்கரத்தைக் காற்றில் சுற்றிப் பார்ப்பதில் இன்னொரு பலன் உண்டு. கியர் வகை ஹப் மோட்டார் முன்னோக்கித் தடையில்லாமல் சுழலும். டைரக்ட் டிரைவ் வகையில் காந்தத்தால் லேசான தடை எப்போதும் இருக்கும், அதைப் பிரேக் உரசல் என்று எண்ணிக் காலிப்பரைக் குடைய வேண்டாம். தடை வழக்கத்தைவிட அதிகமாக, விட்டுவிட்டுப் பிடிப்பது போல இருந்தால் மோட்டார் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். தடை மறைந்தால் பழுது கன்ட்ரோலரில் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே இருந்தால் மோட்டாரையோ அதன் வயர்களையோ பார்க்க வேண்டும். கனெக்டரைக் கழற்றும்போது அதன்மேல் இருக்கும் அம்புக்குறிகளைக் கவனித்து நேராக இழுங்கள். திருகினால் உள்ளிருக்கும் மெல்லிய பின்கள் வளைந்துவிடும்.

எதை ஸ்டாண்டில் செய்யக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஹப் மோட்டாரின் ஆக்ஸில் நட், கிராங்க் போல்ட், பெடல் இவற்றைத் தளர்த்துவதும் கடைசியாக இறுக்குவதும் தரையில்தான். ஸ்டாண்டில் இறுக்கினால் சைக்கிள் முழுதும் ஆடும், ஸ்பேனரில் கொடுக்கும் விசையில் ஒரு பகுதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும், சுழற்சிப் பூட்டும் நழுவும். எனவே ஆக்ஸில் நட்டைத் தரையிலேயே கால் சுற்று தளர்த்திவிட்டு ஏற்றுங்கள். சக்கரத்தை மாட்டிக் கையால் இறுக்கியபின் இறக்கி, தரையில் சக்கரம் ஃபிரேமின் பள்ளத்தில் முழுக்கப் பதிந்திருக்கிறதா, ஆக்ஸில் சுழலாமல் தடுக்கும் டார்க் வாஷரின் நாக்கு தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். மோட்டார் ஆக்ஸிலின் தட்டையான பக்கங்கள் பள்ளத்தில் சரியாகப் பதியாமல் இறுக்கினால், முதல் முறை மோட்டார் வேகமெடுக்கும்போது ஆக்ஸில் சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும்.

ஸ்டாண்டுக்கும் பராமரிப்பு உண்டு. கால்களை இணைக்கும் போல்ட்டுகள் கனமான சைக்கிளால் சீக்கிரம் தளரும், ஏற்றுவதற்கு முன் கையால் ஆட்டிப் பாருங்கள். கம்பம் ஏறி இறங்கக் கஷ்டமாக இருந்தால் துடையுங்கள், எண்ணெய் போடாதீர்கள், எண்ணெய் பட்ட கம்பத்தைக் காலர் பிடிக்காது. உயரம் மாற்றும் காலர் பிளாஸ்டிக்கில் இருந்தால் திருகு இறங்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அது விரிசலின் தொடக்கம். காலரை மாற்றும்வரை அந்த ஸ்டாண்டில் எலெக்ட்ரிக் சைக்கிளை ஏற்றக் கூடாது. தாடைகளின் ரப்பர் வழுவழுப்பாகிவிட்டால் அதை மட்டும் தனியாக வாங்க முடிகிற ஸ்டாண்டாகப் பார்த்து எடுங்கள்.